வாசல் தாண்டிப் போகும் பிள்ளைகள்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

தஞ்சாவூரிலிருந்து ஒரு அம்மா

என் மகனுக்கு ஐந்து வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பேச்சு இன்னும் வரவில்லை. போன ஜூன் மாதக் கடைசியில் நடந்ததை இத்தனை நாள் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

மேட்டூர் அணை திறந்து சில நாட்களில் எங்கள் ஊர்ப் புது ஆற்றில் தண்ணீர் வந்துவிடும். கோடை முழுக்க வறண்டு கிடந்த ஆறு இரு கரை தொட்டு ஓடுவதைக் காட்ட ஒரு நாள் மாலை அவனை அழைத்துப் போனோம். அரை மணி நேரம் அசையாமல் நின்று பார்த்தான். எதிலும் ஒரு நிமிடம் நிலைக்காத பிள்ளை இப்படி நிற்கிறானே என்று எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நான்காம் நாள் பிற்பகல், மழை வரும்போல் இருந்ததால் மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுக்க ஏறினேன். ஏழெட்டு நிமிடம் இருக்கும். கீழே இறங்கினால் வாசல் கதவு திறந்து கிடக்கிறது. தாழ்ப்பாளுக்கு நேர்கீழே அவனுடைய சிறிய பிளாஸ்டிக் நாற்காலி. செருப்பு அப்படியே இருந்தது.

நான் செய்த முதல் தவறு, வீட்டுக்குள் தேடியது. கட்டிலுக்கடியில், பீரோவுக்குப் பின்னால், குளியலறையில் என்று ஐந்து நிமிடம் போய்விட்டது. பிறகு தெருவில் இறங்கிப் பேர் சொல்லிக் கத்தினேன். பேர் சொல்லி அழைத்தால் திரும்பாத பிள்ளையை வேறு எப்படித் தேடுவது என்று அப்போது தெரியவில்லை. தெருமுனையில் இஸ்திரி போடும் பெரியவர்தான், "தம்பி ஆற்றுப் பக்கம் போனானே" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தவர், பெட்டியை அப்படியே வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உட்கார வைத்திருந்தார். அவர் பார்த்தபோது அவன் தண்ணீருக்குள் இரண்டு படி இறங்கியிருந்தானாம்.

பெரியவர் அன்று மாலை வீட்டுக்கு வந்தார். "நான் கூப்பிட்டேன் அம்மா. திரும்பியே பார்க்கவில்லை. திமிர் பிடித்த பையன் என்று நினைத்து விட்டுவிட்டேன்" என்று சொல்லி அழுதார். அவர் மேல் என்ன தவறு? இரண்டு ஆண்டுகளாகத் தெருவில் ஒருவருக்கும் நாங்கள் சொல்லவில்லை. ஊர் வாயில் ஏன் விழ வேண்டும் என்று மாமியார் சொன்னார். எனக்கும் அதுவே வசதியாக இருந்தது. பேச்சு கொஞ்சம் தாமதம் என்று சொல்லிச் சமாளித்து வந்தேன். அவனைக் கண்ணால் பார்த்த மனிதருக்கு, அவனை நிறுத்த வேண்டும் என்பது தெரியவில்லை. தெரியாமல் வைத்திருந்தது நான்.

மறுநாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறினேன். மளிகைக் கடை, ஆட்டோ நிறுத்தம், படித்துறைக்குப் போகும் வழியில் இருக்கும் டீக்கடை வரை சொன்னேன். "இவனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். தனியாகப் பார்த்தால் முன்னால் போய் நின்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். துரத்தாதீர்கள், விளையாட்டு என்று நினைத்து ஓடுவான். எனக்குப் போன் செய்யுங்கள்." இவ்வளவுதான். போன் எண்ணும் அவன் படமும் உள்ள தாளை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே பக்கத்துத் தெருவுக்கு ஒரு தாளை எடுத்துக்கொண்டு போனார்.

உங்கள் வீடுகளில் என்ன செய்கிறீர்கள்? சொல்லுங்கள்.


பெரம்பூரிலிருந்து ஒரு அப்பா

என் மகளுக்கு ஆறு வயது. அவளுக்கு ரயில். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடலாம். எட்டு மாதத்தில் நான்கு முறை போய்விட்டாள். மூன்றாம் முறை நடைமேடையின் ஓரத்தில் உட்கார்ந்து தண்டவாளத்தின் பக்கம் காலைத் தொங்கப் போட்டிருந்தாள். அந்தக் காட்சி இப்போதும் தூக்கத்தில் வருகிறது.

முதலில் நான் நினைத்ததெல்லாம் பூட்டுதான். கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் போட்டேன். கதவு திறந்தால் கீச்சென்று கத்தும் சிறிய பேட்டரி அலாரம் வாங்கி நிலையில் ஒட்டினேன். காந்தம் ஒரு பக்கம், கருவி ஒரு பக்கம், விலை அதிகமில்லை. இரண்டும் பயன்பட்டன, மறுக்கவில்லை. ஆனால் நான்காம் முறை விருந்தாளி உள்ளே வந்த நொடியில் அவர் கைக்குக் கீழே புகுந்து போய்விட்டாள். பூட்டை நாங்கள் திறக்கும் நேரத்துக்காக அவள் காத்திருக்கிறாள் என்பது அன்றுதான் புரிந்தது.

பிறகு என் மனைவி ஒரு நோட்டுப் போட்டாள். எந்த நேரம், அதற்கு முன் வீட்டில் என்ன நடந்தது, எங்கே போனாள், போனதும் என்ன கிடைத்தது. பழைய நான்கு முறைகளையும் நினைவிலிருந்து எழுதினாள். கதவு வரை போய்த் திரும்பிய சிறு முயற்சிகளையும் சேர்த்தாள். ஒரு மாதத்தில் தெரிந்தது: பெரும்பாலும் மாலை நான்கு முதல் ஆறுக்குள், வீட்டில் சத்தம் கூடும்போது. என் தம்பி குடும்பம் வந்தால், டிவி அலறினால், மிக்சி ஓடினால். அவள் எங்களை விட்டு ஓடவில்லை. சத்தத்தை விட்டுத் தனக்குப் பிடித்த இடத்துக்குப் போகிறாள்.

இப்போது சனிக்கிழமைதோறும் மாலையில் நானே அழைத்துப் போகிறேன். டிக்கெட் எடுத்து, ஜன்னலோர இருக்கையில் ஆவடி வரை போய்த் திரும்புகிறோம். காலண்டரில் சனிக்கிழமைக் கட்டத்தில் ரயில் படம் ஒட்டியிருக்கிறோம். தினமும் அதன் மேல் விரலை வைத்துப் பார்க்கிறாள். வாசல் கதவில் அவள் உயரத்துக்கு ஒரு அட்டை தொங்குகிறது. அதை எடுத்து எங்கள் கையில் கொடுத்தால் வெளியே போக வேண்டும் என்று பொருள். முதல் சில வாரங்கள் எத்தனை முறை கொடுத்தாலும், அடுப்பில் என்ன இருந்தாலும் அணைத்துவிட்டுக் கிளம்பினோம். ஒரு முறை மறுத்தால்கூட அட்டையை விட்டுவிட்டுக் கதவுக்கே போய்விடுவாள் என்று அவளுக்குப் பயிற்சி தரும் ஆசிரியை எச்சரித்திருந்தார். களைத்துப் போனோம். ஆனால் இந்த ஆண்டு ஒரே ஒரு முறைதான் போனாள், அதுவும் மாடிப்படி வரை.

ஒன்று சொல்ல வேண்டும். உட்புறமாகப் பூட்டுப் போட்டுச் சாவியை எங்கேயோ வைத்துவிடாதீர்கள். எரிவாயு கசிந்தாலோ தீப்பிடித்தாலோ நீங்களே உள்ளே மாட்டிக்கொள்வீர்கள். எங்கள் வீட்டில் சாவி பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டும் ஓர் ஆணியில், கதவருகிலேயே தொங்குகிறது.


கோவையிலிருந்து ஒரு சிறப்பு ஆசிரியை

தஞ்சாவூர் அம்மா, உங்களை நீங்களே குத்திக்கொள்ள வேண்டாம். 2012இல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, ஆட்டிசம் உள்ள 1,218 குழந்தைகளைப் பற்றி அவர்களுடைய பெற்றோரிடம் கேட்டது. நான்கு வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது இப்படிக் கிளம்பிப் போக முயன்றவர்கள் 49 சதவீதம். கவலைப்படும் அளவுக்கு நேரம் காணாமல் போன பிள்ளைகளில் 24 சதவீதத்தினர் நீரில் மூழ்கும் ஆபத்தை நெருங்கியிருந்தார்கள். 65 சதவீதத்தினருக்குச் சாலை வாகனங்களால் ஆபத்து. பாதிக் குடும்பங்களில் நடப்பது உங்கள் கவனக்குறைவால் நடந்ததாகாது.

அதனால்தான் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, "உங்கள் வீட்டைச் சுற்றி எங்கெல்லாம் தண்ணீர் இருக்கிறது?" என்பதே. ஆறு, குளம், கிணறு, வீடு கட்டும் இடத்தில் தோண்டிய குழி, மூடி இல்லாத தரைத்தொட்டி. பிள்ளையைக் காணவில்லை என்றால் வீட்டுக்குள் ஒருவர் தேடட்டும், அதே நொடியில் இன்னொருவர் தண்ணீருக்கு ஓட வேண்டும். தனியாக இருந்தால் முதலில் தண்ணீருக்குத்தான்.

"நில்" என்ற ஒரு சொல்லை விளையாட்டாகவே பழக்குங்கள். கையைப் பிடித்து நடந்து, திடீரென்று "நில்" என்று சொல்லி நீங்களும் நின்று, அவனும் நின்றால் உடனே பிடித்ததைக் கொடுங்கள். கூடத்தில் தொடங்கி மாடி, தெரு, கோயில் பிராகாரம் என்று இடம் மாற்ற வேண்டும். கூடத்தில் நிற்கும் பிள்ளை தெருவில் நிற்பான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீச்சலும் கற்றுக்கொடுங்கள். நீச்சல் தெரிந்த பிள்ளையையும் கண்ணை விட்டு விடக்கூடாது.


யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு அம்மா

எங்கள் பக்கம் ஆறு இல்லை, ஆனால் வளவுக்கு, அதாவது ஒவ்வொரு வீட்டுக் காணிக்கும், ஒரு கிணறு. எங்கள் வீட்டுக் கிணற்றுக்குக் கட்டு உயரம்தான், மேலே கம்பி வலையும் போட்டாயிற்று. பயமெல்லாம் பக்கத்து வளவுக் கிணற்றைப் பற்றித்தான். ஆள் இல்லாத காணி, கட்டு இடிந்து தரையோடு கிடந்தது. உரிமையாளர் வெளிநாட்டில். எங்கள் வேலியில் நாய் நுழையும் பொட்டு ஒன்று இருந்தது, அதற்குள்ளால் என் மகன் போய்வந்திருக்கிறான் என்பது அவன் சட்டையில் ஒட்டியிருந்த பூண்டு விதைகளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அன்று இரவு முழுக்க நான் நித்திரை கொள்ளவில்லை. விடிந்ததும் அம்மம்மா உரிமையாளருக்குப் போன் எடுத்து நேரடியாகச் சொன்னா. அவர் அந்தக் கிழமையே கிணற்றுக்கு மூடி போடக் காசு அனுப்பினார். கேட்கத் தயங்கி இரண்டு வருடம் இருந்துவிட்டோம்.

நல்லூர்த் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போகும் நாளில் அவனுடைய சட்டையின் உட்புறம் அழியாத மையால் போன் இலக்கம் எழுதுகிறேன். கையில் பட்டி கட்டினால் கடித்து எறிந்துவிடுவான். புறப்படும் முன் அன்றைய உடுப்போடு ஒரு படமும் எடுத்து வைக்கிறேன். இங்கே 119 பொலிஸ், 1929 சிறுவர் உதவி இலக்கம்.


ஊரைச் சொல்ல விரும்பாத ஒரு அம்மா

எல்லாரும் நல்லபடியாக எழுதுகிறீர்கள். நான் கட்டிப் போட்டிருக்கிறேன். கணவர் வேறு ஊரில் வேலை. குளிக்கப் போகும் பத்து நிமிடத்துக்கு என் பழைய புடவையால் அவன் இடுப்பைக் கட்டில் காலோடு கட்டுவேன். அவன் அழ மாட்டான், முடிச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வேறு வழி என்ன?


கோவை ஆசிரியை

உங்களைக் குற்றம் சொல்ல இங்கே யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் புடவை கழுத்தில் சுற்றிக்கொண்டால் பத்து நிமிடம் வேண்டாம், இரண்டு நிமிடம் போதும். அதற்குப் பதில் குளியலறைக்குள் அவனையும் அழைத்துக்கொண்டு, ஒரு குவளையும் சிறிது தண்ணீரும் கொடுத்து உட்கார வையுங்கள். இல்லையென்றால் அவன் தூங்கிய பிறகு குளியுங்கள். பக்கத்து வீட்டில் ஒருவர் தினமும் அந்தப் பத்து நிமிடம் வந்து உட்கார முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கேட்டால் வருபவர்கள் இருக்கிறார்கள்.


மதுரையிலிருந்து ஒரு அப்பா

என் மகன் காணாமல் போன அன்று ஒரு காவல் நிலையத்தில், "ஒரு நாள் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார்கள். வெளியே வந்து அவசர உதவி எண் 112க்கு அழைத்தேன். அதன் பிறகுதான் தேடத் தொடங்கினார்கள். பஸ் நிலையத்தில் நின்றிருந்த ஒரு டவுன் பஸ்ஸுக்குள் கண்டுபிடித்தார்கள். பிறகுதான் ஒரு வழக்கறிஞர் நண்பர் சொன்னார்: காணாமல் போன குழந்தை பற்றிய புகாரில் உடனே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத்திலேயே உத்தரவிட்டிருக்கிறது. ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கச் சொல்ல யாருக்கும் இடமில்லை. குழந்தைகளுக்கான 1098க்கும் அழையுங்கள், ரயில் நிலையம் அருகில் இருந்தால் 139க்கும்.

போன் செய்யும்போது ஆட்டிசம் என்ற சொல்லோடு நிறுத்தாதீர்கள். "பேச மாட்டான், பேர் கேட்டால் சொல்ல மாட்டான், ஹாரன் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான், பஸ் பிடிக்கும்" என்று சொல்லுங்கள். பஸ் பிடிக்கும் என்று சொன்னதால்தான் எங்களுக்கு அவன் கிடைத்தான். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் படத்தைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.


பொள்ளாச்சியிலிருந்து ஒரு பாட்டி (பேத்தி தட்டச்சு செய்கிறாள்)

என் பேரனுக்கு நாங்கள் காலில் சலங்கை வைத்த கொலுசு போட்டிருக்கிறோம். தென்னந்தோப்பு வீடு, எந்தப் பக்கம் போனாலும் சத்தம் வரும். சத்தம் நின்றால் எழுந்துவிடுவேன். ஆண் பிள்ளைக்குக் கொலுசா என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டுவிட்டுப் போகட்டும்.


தஞ்சாவூரிலிருந்து அதே அம்மா

எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டு நேற்றிரவே நோட்டுப் போட்டுவிட்டேன். பாட்டி, கொலுசு போட்டுப் பார்த்தேன். அவனுக்குத் தோலில் ஏதாவது உரசினால் ஆகாது, பிய்த்துவிட்டான். அலாரம் வாங்கப் போகிறேன். ஊரைச் சொல்லாத அம்மா, பத்து நிமிடத்துக்கு ஆள் கேட்கத் தயங்காதீர்கள். எங்கள் இஸ்திரிப் பெரியவர் இப்போது தினமும் நான்கு மணிக்கு வாசலில் நின்று, "தம்பி உள்ளேதானே இருக்கிறான்?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். மாலையில் நானும் கணவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு அவனைப் படித்துறைக்கு அழைத்துப் போகிறோம். மேல்படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்கிறான்.

ஒரு சந்தேகம். அடுத்த வாரம் என் அம்மா வீட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிறோம். திண்ணை வைத்த பழைய வீடு, வாசல் கதவைப் பகலில் சாத்துவதே கிடையாது, எதிரிலேயே குளம். நாற்பது பேராவது வந்து போவார்கள். இப்படிப்பட்ட வீட்டில் பிள்ளையை வைத்துச் சமாளித்தவர்கள் யாராவது இருந்தால் வியாழக்கிழமைக்குள் எழுதுங்கள்.