பூட்டனின் பெயர் கிடைத்துவிட்டது: முந்தைய பதிவின் தொடர்ச்சி

2009இல் இடம்பெயர்ந்தபோது எங்கள் குடும்பத்தின் காணி உறுதிகளும் சான்றிதழ்களும் அழிந்துபோனதால், பூட்டனின் (அப்பாவின் தாத்தாவின்) பெயரைக்கூட உறுதிப்படுத்த முடியவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். நமக்குக் குடும்பப்பெயர் வழக்கமில்லை. தந்தையின் பெயரே முன்னால் நிற்பதால், ஒரு தலைமுறை மறந்தால் அதற்கு மேலே செல்லும் வழி அடைபட்டுவிடுகிறது.

சென்ற மாதம் பெரியப்பாவின் பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெற்றேன். அவர் 1958இல் பிறந்தவர். அந்தக் கால இலங்கைச் சான்றிதழில் பெற்றோரின் விபரங்களோடு பேரனாரின் (தந்தையின் தந்தையின்) பெயர், பிறந்த ஆண்டு, இடம் ஆகியவற்றுக்கும் ஒரு கூடு இருந்தது என்பதை நான் கவனித்ததே இல்லை. அதில் பூட்டனின் பெயரும், 1904 என்ற ஆண்டும், முள்ளியவளை என்ற ஊரும் இருந்தன. அந்த எழுத்துகளைக் கண்டபோது என் கண்கள் கலங்கிவிட்டன.

அப்பாச்சியிடம் (அப்பாவின் தாயிடம்) வாசித்துக் காட்டினேன். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்காகக் கடலிலிருந்து தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிக்கும் நாட்களில், தன் மாமனாரான பூட்டன், வீட்டுக்கே வராமல் அங்கேயே தங்கியிருப்பார் என்று அவர் இதுவரை சொல்லாத கதையொன்றைச் சொன்னார். அதை அவருடைய பேச்சுவழக்கிலேயே ஒலிப்பதிவு செய்து, திருத்தாமல் எழுதி, மூன்று வீடுகளில் பிரதி வைத்திருக்கிறோம். அடுத்ததாகப் பூட்டியின் ஊரைக் கேட்க வேண்டும்.