அம்மாவின் கை நடுக்கத்துக்கு ஏற்ற கேமரா எது?

அம்மாவுக்கு 67 வயது, ஊர் கும்பகோணம். அப்பா போன பிறகு வீட்டை விட்டு வெளியே வராமலே இருந்தார். போன வருஷம் என்னுடைய பழைய கேனான் 1300டி கேமராவைக் கையில் கொடுத்தேன். அப்புறம் தினமும் காலை ஆறு மணிக்கே மகாமகக் குளத்தடியில் நிற்பார், கொக்கு, மீன்கொத்தி என்று எடுத்துக்கொண்டு. தூக்கமும் பேச்சும் திரும்பி வந்தன.

மூன்று மாதமாக வலது ஆள்காட்டி விரல் மூட்டு வீங்குகிறது, காலையில்தான் அதிகம். படமெடுக்கும் பொத்தானை அழுத்தும்போது கை நடுங்குகிறது, படம் கலங்கிவிடுகிறது. மூட்டுவாதம் என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார்.

படம் கலங்காமலிருக்க ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடும் திரை) வேகத்தை 1/500 வினாடிக்கு ஏற்றினேன். விடியலின் மங்கிய வெளிச்சம் அதற்குப் போதாமல் படம் புள்ளி புள்ளியாகிறது. ஆள்காட்டி விரலுக்கு வேலை குறையட்டும் என்று ஃபோகஸை (படத்தைத் தெளிவாக்குவதை) பின்பக்க நட்சத்திரப் பொத்தானுக்கு மாற்றியும் பெரிய பலன் இல்லை. ட்ரைபாடை அவரால் தூக்க முடியாது. இரண்டு வினாடி டைமர் வைத்தால் கொக்கு காத்திருக்குமா என்ன! செல்போனைக் கொடுத்தால், "இதுல எடுத்த மாதிரியே இல்லடா" என்று திருப்பித் தந்துவிட்டார்.

திரையைத் தொட்டாலே படம் எடுக்கும், அரை கிலோவுக்குள் எடையுள்ள, ஓரளவு ஜூம் உள்ள பழைய கேமரா 25,000 ரூபாய்க்குள் எதை வாங்கலாம்?