புதுப்பிப்பு: நாகை மீனவர் காதல் நாவல், பகையாளிகள் எப்படிச் சந்திப்பது?

நாயகன் விசைப்படகு ஓட்டுபவன். நாயகியின் அப்பாவுடைய ஃபைபர் படகு வலையை அறுத்துவிட்டான். முகம் பார்க்காத இருவரையும் எப்படிப் பக்கத்தில் கொண்டுவருவது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது தடைக்கால யோசனை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகக்கூடாது, அவள் அப்பாவுடையது போன்ற நாட்டுப்படகுகள் போகலாம். அவனுக்கு வேலை இல்லை, அவள் அப்பாவுக்கு ஆள் இல்லை. அறுத்த வலையை அவனே உட்கார்ந்து சரிசெய்கிறான். அவள் பேசாமல் நூல் எடுத்துக் கொடுக்கிறாள். புயலில் காப்பாற்றும் காட்சியையும் எழுதிப் பார்த்தேன், ஒரே சினிமாத்தனம்.

என்னைப்போல் மும்பையிலிருந்து எழுதுபவர்களுக்கு: இங்கே வெர்சோவாவில் பார்க்கும் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதை நாகைக் கதையில் வைத்தால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

எதிர்பாராத ஒன்று. தாராவியில் மீன் விற்கும் அக்காவிடம் கதையைச் சொன்னேன். "மன்னிக்கிறது சரி தம்பி, வலைக்குக் காசு யாரு குடுப்பா?" என்றார். அப்புறம்தான் ஊர்ப் பஞ்சாயத்தில் அவன் நஷ்டஈடு கட்டும் அத்தியாயம் வந்தது. காதல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.