எண்ணெய் பட்ட டிஸ்க் பேட்: சுட்டு எடுக்கலாமா, மாற்றித்தான் ஆக வேண்டுமா?

மலைப்பாதை_நாமக்கல்:
வணக்கம். செவ்வாய்க்கிழமை சைக்கிள் செயினுக்கு ஸ்ப்ரே லூப் (மசகு எண்ணெய்) அடித்தேன். பின்சக்கரத்தைச் சுற்றவிட்டபடியே அடித்ததில் சாரல் டிஸ்க் பக்கமும் போயிருக்கிறது, அப்போது கவனிக்கவில்லை. மறுநாள் காலை பின் பிரேக்கைப் பிடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற அலறல். லிவர் கெட்டியாகத்தான் இருக்கிறது, வண்டிதான் நிற்க மாட்டேன் என்கிறது. பிரேக் ஷிமானோ எம்டி200, ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது. ரோட்டரை, அதாவது டிஸ்க் தகட்டை, பெட்ரோல் போட்டுத் துடைத்தேன். சத்தம் கொஞ்சம் அடங்கி அடுத்த நாளே திரும்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலை ஏறி இறங்க வேண்டும், 70 கொண்டை ஊசி வளைவு. அந்தத் தகட்டை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கிற பேடை உப்புத்தாளில் தேய்த்து கேஸ் அடுப்பில் சுட்டால் சரியாகிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?

பட்டறை_சேலம்:
வேண்டாம் தம்பி. எம்டி200-இல் வருவது ரெசின் பேட். நாரையும் தூளையும் பிசின் போட்டு அழுத்திச் செய்தது, எண்ணெயைக் கண்டால் உறிஞ்சிக்கொள்ளும். தேய்த்தால் மேலே இருப்பது மட்டும் போகும். நாலு முறை பிரேக் பிடித்துச் சூடானதும் உள்ளே இருக்கிற எண்ணெய் கசிந்து மேலே வரும். அடுத்த நாளே சத்தம் திரும்பியதற்குக் காரணம் அதுதான். ஷிமானோ கையேடும் எண்ணெய் பட்ட பேடை மாற்றத்தான் சொல்கிறது. புது பேட் சில நூறு ரூபாய். மலை இறக்கத்துக்கு முன் அந்தச் செலவைப் பார்க்காதீர்கள்.

பழைய_மிதி:
பட்டறை அண்ணன் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 11 வருஷமாக டிஸ்க் ஓட்டுகிறேன், எண்ணெய் பட்டதற்காக பேடைத் தூக்கிப் போட்டது ஒரே ஒரு முறை. தட்டையான கண்ணாடி மேல் 120 நம்பர் உப்புத்தாளை விரித்து, பளபளப்பு மறைந்து மங்கலாகும் வரை பேடைத் தேய்ப்பேன். அப்புறம் இடுக்கியில் பிடித்து அடுப்புத் தீயில் காட்டுவேன். முதலில் புகை வரும், சில சமயம் ஓரத்தில் எண்ணெய் கொப்பளிக்கும். புகை நின்றதும் ஆறவைத்து இன்னொரு முறை லேசாகத் தேய்த்தால் வேலை முடிந்தது. காசுக்காக இதைச் சொல்லவில்லை. நான் இருப்பது சின்ன ஊர். சரியான வடிவத்தில் பேட் வேண்டும் என்றால் ஆர்டர் போட்டு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அதுவரை வண்டியைப் பூட்டி வைக்கவா?

ஆய்வக_அக்கா:
இருவரும் வேறு வேறு பேடைப் பற்றிப் பேசுகிறீர்கள். பழைய_மிதி, உங்களுடையது சின்டர்டா, ரெசினா? சின்டர்ட் என்பது உலோகத் தூளைச் சூட்டில் ஒட்டவைத்தது, தீயைத் தாங்கும். ரெசினில் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பதே பிசின்தான். தீயில் காட்டினால் எண்ணெயோடு அதுவும் கருகும். பின்தகட்டோடு ஒட்டியிருக்கிற பிடிப்பும் தளரும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. கார் பிரேக் கிளீனர் சிலவற்றில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும். அதை அடித்துவிட்டுத் தீயில் காட்டினால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம். தயவுசெய்து அந்த இரண்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். தேய்க்கும்போது பேடை நனைத்துக்கொள்ளுங்கள், மாஸ்க் போடுங்கள், அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகக் கூடாது.

பழைய_மிதி:
என்னுடையது சின்டர்ட்தான். சரி, ரெசினைத் தீயில் காட்ட வேண்டாம், அதை ஏற்கிறேன். ஆனால் தம்பியும் சின்டர்ட் பேட் வாங்கிப் போட்டால் அடுத்த முறை இந்தக் கவலையே இருக்காதே?

பட்டறை_சேலம்:
முதலில் ரோட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று பொறித்திருந்தால் சின்டர்ட் பேட் அந்த ரோட்டரைத் தின்றுவிடும். போன வருஷம் ஏற்காடு இறங்கி வந்த ஒரு பையன் வண்டியைத் தள்ளிக்கொண்டே என்னிடம் வந்தான். பேடைக் கழற்றினேன், தகடு மட்டும் கையில் வந்தது. உராய்கிற பகுதி மொத்தமாகப் பெயர்ந்து வழியில் எங்கேயோ விழுந்திருக்கிறது. வீட்டில் அடுப்பில் சுட்ட ரெசின் பேட். முன் பிரேக் ஒன்றை வைத்தே மீதி வளைவுகளை இறங்கியிருக்கிறான். அந்தத் தகட்டை இன்னும் பட்டறையில் மாட்டி வைத்திருக்கிறேன்.

மலைப்பாதை_நாமக்கல்:
பார்த்தேன், ரோட்டரில் அப்படித்தான் பொறித்திருக்கிறது.

சக்கரம்_மதுரை:
புது பேட் போடுவதற்கு முன் ஒரு சோதனை. ஸ்ப்ரேதான் காரணம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டீர்கள். பேட் உட்காரும் காலிப்பரில், பேடைத் தள்ளுகிற பிஸ்டனைச் சுற்றியுள்ள சீல் கசிந்தாலும் இதே அலறல்தான் வரும், அப்படியென்றால் புது பேடும் ஒரே வாரத்தில் போய்விடும். பேடைக் கழற்றி, பிஸ்டன் ஓரங்களைத் துடைத்து, மடித்த டிஷ்யூ பேப்பரை இடையில் வைத்து, மேலே பேட் ஸ்பேசரை (பேடுக்குப் பதிலாக இடைவெளியில் வைக்கிற கட்டை) செருகி, லிவரை ரப்பர் பேண்டால் இழுத்துக் கட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் பேப்பரில் வட்டமாக எண்ணெய்க் கறை இருந்தால் காலிப்பரை மாற்ற வேண்டும். எனக்கு அப்படித்தான் இருந்தது. அது தெரியாமல் இரண்டு ஜோடி பேடை வீணாக்கினேன்.

மலைப்பாதை_நாமக்கல்:
சோதித்தேன், டிஷ்யூ காய்ந்தே இருந்தது. நேற்று சேலம் போய் புது ரெசின் பேட் வாங்கிவிட்டேன். ரோட்டரைத் துடைக்க கையில் சானிடைசர் இருக்கிறது, போதுமா?

ஆய்வக_அக்கா:
போதாது. சானிடைசரில் கிளிசரின் இருக்கும், அதுவும் படலமாக ஒட்டும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும், 99 சதவீதம் கேளுங்கள். புது பனியன் வேஸ்ட்டில் நனைத்து, கறுப்பு வராத வரை துணியை மாற்றி மாற்றித் துடையுங்கள். ரோட்டரின் துளை ஓரங்களையும் விட்டுவிடாதீர்கள். பெட்ரோல் வேண்டாம், காய்ந்த பிறகும் கொஞ்சம் பிசுக்கு தங்கிவிடும்.

பழைய_மிதி:
தம்பி, கழற்றிய பேடைத் தூக்கிப் போடாதீர்கள். ஈரத் தேய்ப்பு தேய்த்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, சமதளத்தில் கடைக்குப் போய்வர வைத்துக்கொள்ளலாம். இதில் என் கருத்து மாறவில்லை.

பட்டறை_சேலம்:
என் கருத்தும் மாறவில்லை. கடைத்தெருவிலும் குழந்தை குறுக்கே ஓடிவரும், அண்ணே.

மலைப்பாதை தம்பி, புது பேடை அப்படியே மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். வண்டியில்லாத நேர்ச்சாலையில் 20 கிலோமீட்டர் வேகம் வரை போய், பின் பிரேக்கை மட்டும் சீராகப் பிடித்து நடை வேகத்துக்குக் குறையுங்கள். சக்கரம் இறுகிச் சறுக்கக் கூடாது, முழுக்க நிற்கவும் கூடாது. 20 முறை செய்தால் பேடும் ரோட்டரும் ஒன்றுக்கொன்று பழகிவிடும், பிடி கூடுவது உங்களுக்கே தெரியும். ஞாயிறு இறங்கும்போது வளைவுக்கு முன்பே பிடித்து, வளைவில் விட்டுவிடுங்கள். அடிவாரத்துக் காரவள்ளி வந்ததும் ரோட்டரைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். கை சுட்டுவிடும், விரலில் இருக்கிற பிசுக்கும் ரோட்டரில் ஒட்டும்.