மயோர்க்காவில் நாலு நாள் சைக்கிள்: மலையா, வயல்வெளியா?

சாரதா_எம்
ஏப்ரல் நடுவில் நாலு நாள் ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்குப் போகிறோம். தங்குவது தீவின் வடக்கே, அல்கூதியா துறைமுகத்தில். ரோடு சைக்கிள் அங்கேயே வாடகைக்கு எடுக்கிறோம். சமதளத்தில் 80 கிலோமீட்டர் சிரமமில்லாமல் ஓட்டுவேன், கணவர் என்னைவிட வேகம். பெரிய மலை இருவருமே ஏறியதில்லை. இரண்டு நாள் தீவின் நடுவிலுள்ள வயல்வெளி, இரண்டு நாள் த்ரமுந்தானா மலை என்று திட்டம் போட்டேன். கிளப்பில் சொன்னால் சிரிக்கிறார்கள். "அங்கே போயும் வயலா?" என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கொண்டை_ஊசி_26
கிளப் சொல்வதுதான் சரி. நாலு நாளும் மலைதான். வயல் நடுவே ஓட்ட விமானம் ஏற வேண்டுமா?

ஸா கலோப்ரா சாலை பற்றித் தெரியுமா? மேலிருந்து முதலில் கடலுக்கு இறங்க வேண்டும், அப்புறம் அதே வழியில் ஏற வேண்டும். வேறு சாலை கிடையாது. கடற்கரையிலிருந்து 682 மீட்டர் உயரத்துக் கணவாய் வரை ஒன்பதரை கிலோமீட்டர், சராசரி 7 சதவீத ஏற்றம், 26 கொண்டை ஊசி வளைவுகள். ஓரிடத்தில் சாலை முக்கால் வட்டம் அடித்துத் தன் அடியிலேயே நுழைந்து போகும். அதற்கு டை முடிச்சு என்றே பெயர். 1930களின் தொடக்கத்தில் அந்தோனியோ பரியெத்தி என்ற பொறியாளர் வடிவமைத்தது. மலையின் மடிப்பை ஒட்டியே வளைத்து வளைத்து இறக்கியிருக்கிறார். அதை விட்டுவிட்டு உருளைக்கிழங்கு வயலைப் பார்க்கப் போகிறீர்களா?

கல்வேலி
உருளைக்கிழங்கைக் கேலி செய்ய வேண்டாம். ஸா போப்லாவைச் சுற்றி அது விளையும் செம்மண்ணைப் பார்த்தால் மனசு நிறையும். பிரிட்டன் வரைக்கும் ஏற்றுமதி ஆகிறது.

சாரதா, நடுத்தீவை 'எஸ் ப்ளா' என்பார்கள். சமவெளி என்று பெயர்தானே தவிர, தட்டையான நிலம் இல்லை. சிறு சிறு ஏற்ற இறக்கமாகப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு கார் மட்டுமே போகும் அகலத்தில் வயல் சாலைகள், இரண்டு பக்கமும் சாந்து இல்லாமல் அடுக்கிய கல் சுவர்கள், அதன் பின்னால் கரோப், அத்தி, பாதாம் மரங்கள். ஏப்ரலில் பச்சைக் கோதுமைக்குள் சிவப்புப் பாப்பிப் பூக்கள் நிற்கும். சினேயு, பெத்ரா, மரியா தெ ல ஸலூத் எல்லாமே கோயில் கோபுரத்தைப் பார்த்தே போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஊர்கள். பெத்ரா சதுக்கத்தில் காபி குடிக்க உட்கார்ந்தால் மேசைக்கு மேசை சைக்கிள்காரர்கள்தான்.

ஸா கலோப்ராவில் ஏப்ரலில் என்ன கிடைக்கும் தெரியுமா? சுற்றுலாப் பேருந்தின் புகை. வளைவில் பேருந்து திரும்ப இடம் போதாமல் பின்வாங்கும், நீங்கள் 9 சதவீத ஏற்றத்தில் கால் ஊன்றி நிற்பீர்கள். கூட்டம் வருவதில் ஆச்சரியமும் இல்லை, சுற்றுலாவை மனதில் வைத்தே போட்ட சாலை அது.

கொண்டை_ஊசி_26
கல்வேலி அண்ணே, பேருந்து எல்லாம் பத்து மணிக்கு மேல்தான் வர ஆரம்பிக்கும். ஒன்பதுக்குள் இறங்கிவிட்டால் ஆடுகளும் நீங்களும்தான். அது தெரியாமல் மதியம் போய் நின்றுவிட்டுச் சாலையைத் திட்டக் கூடாது.

அப்புறம், வயல் வயல் என்கிறீர்களே, மலையில் வயல் இல்லையா? த்ரமுந்தானாவை 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது சிகரத்துக்காக அல்ல, அங்கே நடந்த விவசாயத்துக்காக. சரிவெல்லாம் படிப்படியாகக் கல் அடுக்கி மண் நிரப்பி ஒலிவ மரம் வைத்திருக்கிறார்கள். முஸ்லிம்கள் ஆண்ட காலத்திலிருந்து வந்த வாய்க்கால் முறை இன்றும் இருக்கிறது. அடிவாரத்துக் கைமாரி ஊரிலிருந்து ல்யுக் மடத்துக்கு ஏறும் பாதையில் முறுக்கிக்கொண்டு நிற்கும் ஒலிவ மரங்களைப் பாருங்கள். எட்டு கிலோமீட்டர், 5 சதவீதம்தான், சாரதா தாராளமாக ஏறுவார். விவசாயம் பார்க்க வேண்டுமென்றாலும் மலைக்குத்தான் போக வேண்டும்.

கல்வேலி
யுனெஸ்கோ சொன்னது உண்மைதான். ஆனால் தலையைக் குனிந்து சைக்கிள் கணினியில் மிதிக்கும் சக்தியைக் காட்டும் வாட்ஸ் எண்ணைப் பார்த்துக்கொண்டு ஏறுபவர், 60 வேகத்தில் இறங்குபவர், இவர்களில் யார் அந்தப் படிக்கட்டு நிலத்தைப் பார்த்தார்? உங்கள் பதிவிலேயே முதலில் வந்தது 682, 7, 26. ஒலிவ மரம் நான் கேட்ட பிறகுதான் முளைத்தது.

ரிம்பிரேக்_மாமா
ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். கேட்ட பெண்ணுக்கு உபயோகமாக ஒன்று சொல்கிறேன்.

சாரதா, வாடகைக் கடையில் முன்னால் 34 பல் சக்கரம், பின்னால் 32 அல்லது 34 இருக்கிறதா என்று இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். பின்னால் 28தான் என்றால் கலோப்ராவில் முழங்கால் பேசும். டிஸ்க் பிரேக் கேளுங்கள். என் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், ரிம் பிரேக் சக்கர விளிம்பையே அழுத்துவது, அந்த இறக்கத்தில் அதைப் பிடித்தபடியே வந்தால் ரிம் கொதிக்கும்.

அல்கூதியாவிலிருந்து கலோப்ரா போய் வருவது நூறு கிலோமீட்டருக்கு மேல், மொத்த ஏற்றம் 2000 மீட்டரைத் தாண்டும். வழியில் ஃபெமெனியா கணவாய், ல்யுக், பிறகு கல் வளைவுகள் இருக்கும் சந்திப்பு. அங்கிருந்தும் கணவாய்க்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் ஏறிய பிறகுதான் இறக்கம். இதையெல்லாம் கூட்டாமல் "ஒன்பதரை கிலோமீட்டர்தானே" என்று கிளம்புகிறவர்கள் திரும்பி வரும்போது பேசுவதில்லை.

கொண்டை_ஊசி_26
மாமா சொல்வது சரி. அதனால்தான் சொல்கிறேன், முதல் நாள் ல்யுக் மட்டும் போய் வரட்டும். இரண்டாம் நாள் ஃபொர்மென்டோர் கலங்கரை விளக்கம், அதுவும் பரியெத்தி போட்ட சாலைதான். மூன்றாம் நாள் கலோப்ரா. வயலில் செலவழிக்க நாள் எங்கே?

இன்னொன்று, காற்று. அண்ணே அதைச் சொல்லவே இல்லை. வெயில் ஏறிய நாளில் மதியத்துக்கு மேல் அல்கூதியா விரிகுடாவிலிருந்தும் பால்மா விரிகுடாவிலிருந்தும் கடற்காற்று தீவின் நடுவை நோக்கி வீசும். காலையில் ஜாலியாகப் பெத்ரா போய்விடலாம். திரும்பி வடக்கே வரும்போது முப்பது கிலோமீட்டரும் எதிர்க்காற்று. மலையில் கணவாய் வந்தால் ஏற்றம் முடிந்துவிடும், காற்றுக்கு அப்படி ஒரு முடிவு இல்லை.

கல்வேலி
காற்று உண்டு. அதற்காகவே காலை ஏழரைக்குக் கிளம்பி ஒரு மணிக்குள் திரும்பச் சொல்வேன். பேருந்துக்காக ஏழு மணிக்கு எழுந்திருக்கலாமாம், காற்றுக்காக எழுந்திருக்கக் கூடாதாம்!

மலையில் வடகாற்று அடிக்கும் நாளில் என்ன ஆகும் என்பதையும் சொல்லியிருக்கலாம். ஃபொர்மென்டோர் முனையில் பக்கக் காற்று சைக்கிளையே நகர்த்தும். முதல் தடவை மலை ஏறுகிறவரை, அடுத்தடுத்த மூன்று நாளும் இறக்கத்தில் பிரேக் பிடிக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. களைத்த கையோடு கொண்டை ஊசி வளைவில் இறங்குவதுதான் ஆபத்து. நடுவில் ஒரு நாள் வயல் இருந்தால் கை ஆறும், காலும் ஓடிக்கொண்டிருக்கும்.

கொண்டை_ஊசி_26
அப்போ வயல் என்பது ஓய்வு நாள். அதைத்தானே நானும் சொல்கிறேன், முதல் நாளே ஏன் என்பதுதான் கேள்வி.

இன்னும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்த வயல் சாலைகள் விவசாயிகள் டிராக்டர் ஓட்டும் வழி. ஒவ்வொரு வசந்தத்திலும் சைக்கிள் கும்பல் ஜோடி ஜோடியாக வந்து வழியை அடைத்துக்கொள்கிறது. அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு நீங்கள் இன்னும் ஆள் அனுப்புகிறீர்கள்.

கல்வேலி
இருபது பேர் கும்பலாகப் போவதும் கணவனும் மனைவியும் போவதும் ஒன்றா? டிராக்டர் வந்தால் ஓரமாக நின்று வழி விட வேண்டியதுதான். சைக்கிள்காரர்களுக்கென்றே ஊர்ப்பெயரும் தூரமும் எழுதிச் சந்திப்புகளில் பலகை வைத்திருக்கிறார்கள், வர வேண்டாம் என்பவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள். தோட்டத்துக்குள் சைக்கிளை விடுவது, வேலி தாண்டி ஆரஞ்சு பறிப்பது, சாப்பிட்ட சத்து ஜெல்லின் உறையை எறிவது, இதையெல்லாம் நானே திட்டுவேன்.

விவசாயிகளுக்கு நிஜமான கவலை வேறு. 2016இல் ஸைலெல்லா என்ற பாக்டீரியா நோயைத் தீவில் கண்டுபிடித்தார்கள். பாதாம் மரங்கள் ஏராளமாகப் பட்டுப்போயின. பிப்ரவரி பாதாம் பூவைப் படத்தில் பார்த்துவிட்டு வருபவர்கள், வரிசையாகச் சாம்பல் நிறத்தில் நிற்கும் மரங்களையும் பார்ப்பார்கள். சாரதா, அதையும் நின்று பாருங்கள். கலோப்ரா வளைவிலிருந்து அது தெரியாது.

ரிம்பிரேக்_மாமா
பாதாம் பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் கல்வேலி, நீங்களும் ஒன்றை மறைக்கிறீர்கள். எஸ் ப்ளாவிலும் மலை உண்டு. ரன்டா குன்று 543 மீட்டர், உச்சியில் கூரா மடம், ஐந்து கிலோமீட்டர் ஏற்றம். அல்கூதியாவிலிருந்து தூரம் அதிகம் என்பதால் இவர்களுக்கு வேண்டாம். ஆனால் "வயல் என்றால் ஓய்வு" என்கிற தம்பி ஒரு தடவை போய்ப் பார்க்கட்டும்.

சாரதா_எம்
எல்லோருக்கும் நன்றி. முதல் நாள் முரோ, சினேயு, பெத்ரா சுற்று. சைக்கிள் பழக வேண்டும், வாடகை சீட் எப்படி இருக்குமோ தெரியாது. இரண்டாம் நாள் கைமாரி வழியாக ல்யுக். மூன்றாம் நாள் காற்று சரியாக இருந்தால் கலோப்ரா, கணவருக்கு அது இல்லாமல் தூக்கம் வராது. நான் கணவாய் வரை போய், இறங்குவதா என்று அங்கே முடிவு செய்வேன். கடையில் 34-32 என்று உறுதி சொல்லிவிட்டார்கள்.

கொண்டை_ஊசி_26
கணவாய் வரை வந்துவிட்டு இறங்காமல் திரும்புவதா! சரி, உங்கள் விருப்பம். ஆறரைக்குக் கிளம்புங்கள், மேலே குளிரும், காற்று தடுக்கும் சட்டை வேண்டும். ல்யுக்கில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள்.

கல்வேலி
முதல் நாள் புதன்கிழமையா என்று பாருங்கள். சினேயுவில் அன்றைக்குச் சந்தை, ஊருக்குள் சைக்கிளை உருட்டக்கூட இடம் இருக்காது. புதன் என்றால் நேராகப் பெத்ரா போய்விடுங்கள்.