ஜான் சீனா தட்டினது சரியா? மல்யுத்த வீரர்களின் கடைசி மேட்ச்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக

2025 டிசம்பர் 13, வாஷிங்டன் கேப்பிடல் ஒன் அரங்கம். டபிள்யூ.டபிள்யூ.இ. நட்சத்திரம் ஜான் சீனாவின் ஓய்வு மேட்ச். குந்தரின் ஸ்லீப்பர் பிடியில் (கழுத்தைக் கையால் சுற்றி இறுக்குவது) சீனா தட்டிவிட்டார், அதாவது கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். இருபது வருஷத்துக்கு மேல் யாரிடமும் தட்டாத ஆள். துண்டிலும் டி-ஷர்ட்டிலும் 'நெவர் கிவ் அப்' என்று போட்டே வளர்ந்த ஆள். அழுதவர்கள் பாதி, கொதித்தவர்கள் பாதி. கடைசியில், கம்பெனியின் கதைகளுக்குப் பொறுப்பான ட்ரிபிள் ஹெச் ரிங்குக்கு வந்தபோது அரங்கமே கூச்சல் போட்டது.

முடிவில் தப்பில்லை என்பது என் கட்சி. போகிறவர் தோற்றுவிட்டுத்தான் போக வேண்டும், அது, முடிவை முன்கூட்டியே எழுதி வைத்து ஆடுகிற இந்தத் தொழிலின் பழைய வழக்கம். ஆனால் எப்படித் தோற்றார் என்பதைப் பேசியே ஆகணும். ரீப்ளேயில் கையைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். பலமுறை ஸ்லீப்பரில் மாட்டி, திமிறி, மறுபடி மாட்டுகிறார். கடைசித் தடவை உடம்பு தளர்கிறது, ஒரு சிரிப்பு வருகிறது, அதற்கப்புறம்தான் தட்டுகிறார். 'முடியவில்லை' என்பது வேறு, 'போதும்' என்பது வேறு. அவர் நடித்துக் காட்டியது இரண்டாவது. அரங்கில் பாதிப் பேருக்கு அது எட்டவில்லை, ஏனென்றால் அந்தச் சிரிப்பு கேமராவுக்குத்தான் தெரியும், மேல் வரிசைக்குத் தெரியாது.

* * *

ஏன் ஸ்லீப்பர் என்று கேட்பவர்களுக்கு. நிஜத்தில் அந்தப் பிடி மூச்சுக்குழாயை அமுக்குவதில்லை. கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளைத்தான் அமுக்கும். சரியாக விழுந்தால் சுமார் பத்து விநாடியில் ஆள் மயங்கிவிடுவார். ரிங்கில் அதே வடிவம்தான், அழுத்தம் மட்டும் கிடையாது. முழங்கை மடிப்பு தாடைக்குக் கீழே நிற்கும், பிடிப்பவரின் முகம் எதிராளியின் காதோடு ஒட்டியிருக்கும். அடுத்து என்ன செய்வது என்று இருவரும் பேசிக்கொள்ள இதைவிட வசதியான இடம் ரிங்கில் இல்லை.

இன்னொன்று, 48 வயசுக் கழுத்து. ஆளைத் தூக்கி முதுகுப்பக்கமாக அடிக்கிற பவர்பாம் போட்டு முடித்தால் முதுகும் பின்தலையும் பாயில் இறங்கும். ஸ்லீப்பரில் யாருக்கும் விழுகிற வேலையே இல்லை. ஓய்வு மேட்சில் உடம்புக்கு ஆபத்தில்லாத முடிவு வேண்டும், அதே சமயம் பார்க்கிறவன் நம்பவும் வேண்டும். குந்தர் அந்தப் பிடியை அதே வருஷம் ஜூலை 12, அட்லாண்டாவில், கோல்ட்பெர்க்கின் ஓய்வு மேட்சில் அவர் மேலேயே நிரூபித்திருந்தார். அங்கே கோல்ட்பெர்க் தட்டவில்லை, மயங்கினார். சீனாவையும் மயங்க வைத்திருந்தால் அரைவருஷம் முன்னால் பார்த்த அதே காட்சி.

* * *

மயக்கத்துக்கு ஒரு தனி மரியாதை உண்டு சகோ, அதை லேசாக விடாதீர்கள். 1997, கம்பெனியின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெசில்மேனியா 13. கால்களை மடக்கி முறுக்கும் பிரெட் ஹார்ட்டின் ஷார்ப்ஷூட்டர் பிடியில் ஸ்டீவ் ஆஸ்டின் முகமெல்லாம் ரத்தம். தட்டாமல் மயங்கினார். வில்லனாக உள்ளே வந்தவர் ஹீரோவாக வெளியே போனார். அதைப் பார்த்து வளர்ந்த ரசிகனுக்கு 'தட்டினால் கோழை, மயங்கினால் வீரன்' என்று மனசில் ஊறியிருக்கிறது. அப்படி ஊற வைத்ததே கம்பெனிதான். இப்போது அதே ரசிகனிடம் 'தட்டியதுதான் பக்குவம்' என்றால் எப்படி ஏறும்? அதற்கு முன்னால் சில வாரமாவது கதையில் விதை போட்டிருக்கணும்.

விதை போடுவது எப்படி என்று பார்க்க 2010 மார்ச் 28, ரெசில்மேனியா 26 போதும். ரெசில்மேனியாவில் அண்டர்டேக்கரின் தொடர் வெற்றிக்கு எதிராக ஷான் மைக்கேல்ஸ் தன் தொழிலையே பந்தயம் வைத்தார். டூம்ஸ்டோன் (ஆளைத் தலைகீழாகப் பிடித்து இறக்கும் அடி) விழுகிறது, மைக்கேல்ஸ் எழுகிறார். டேக்கர் தயங்குகிறார், படுத்தே இரு என்கிறார். மைக்கேல்ஸ் அவருடைய கழுத்தறுப்புச் சைகையையே அவருக்குத் திருப்பிக் காட்டி, கன்னத்தில் ஒரு அறை விடுகிறார். அதற்குப் பிறகுதான் குதித்துப் போட்ட அந்த டூம்ஸ்டோன். கவனியுங்கள், தோல்வியைக் கேட்டு வாங்கினவர் மைக்கேல்ஸ். அதனால்தான் அந்தத் தோல்வியில் யாருக்கும் அவமானம் தெரியவில்லை.

2008 மார்ச் 30, ஆர்லாண்டோவில் ரிக் ஃப்ளேர் போனதும் இதே இலக்கணம்தான், இன்னும் எளிமையாக. ஃப்ளேர் கண்ணீரோடு முஷ்டியை உயர்த்தி 'வா' என்று நிற்கிறார். மூலையில் நிற்கும் மைக்கேல்ஸின் உதடு மட்டும் அசைகிறது: ஐ'ம் சாரி, ஐ லவ் யூ. உடனே தாடையில் ஒரு உதை, சூப்பர்கிக். வர்ணனையே இல்லாமல் பார்த்தாலும் புரியும்.

* * *

தட்டுவது அவமானம் என்பதே அமெரிக்கக் கணக்கு. ஜப்பானில் 2023 பிப்ரவரி 21, டோக்கியோ டோம், கெய்ஜி முட்டோவின் ஓய்வு. நைட்டோவிடம் தோற்றார். அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைக்க, வர்ணனை மேசையில் உட்கார்ந்திருந்த மாசாஹிரோ சோனோவை மேலே கூப்பிட்டார். 1984இல் முட்டோ முதல் மேட்ச் ஆடியது இந்த சோனோவோடுதான். இரண்டு நிமிஷம்கூட ஓடவில்லை, காலை மடக்கி, முகத்தைப் பின்னால் இழுக்கும் சோனோவின் எஸ்.டி.எஃப். பிடியில் முட்டோ தோல்வியை ஒப்புக்கொண்டார். ஒருத்தரும் கத்தவில்லை. கவனித்தீர்களா, சீனா வருஷக்கணக்காக மற்றவர்களைத் தட்ட வைத்ததும் இதே எஸ்.டி.எஃப்.தான்.

அங்கே ஓய்வு விழாவில் மணியைப் பத்து முறை அடிப்பார்கள். அமெரிக்காவில் பத்து முறை மணி என்றால் இறந்தவருக்கான மரியாதை. 2020 நவம்பர் 22 சர்வைவர் சீரிஸில் அண்டர்டேக்கருக்குப் பத்து முறை மணி அடித்ததும் பலருக்கு உடம்பு சிலிர்த்தது, பிணம் அடக்கம் செய்பவர் வேஷத்தில் 30 வருஷம் வந்த ஆளுக்கு அது பொருந்திப்போனது. கொரோனா காலம், அரங்கில் ஆளில்லை, திரையில்தான் ரசிகர்கள். அதிலும் அது எடுபட்டது ஆச்சரியம்தான்.

* * *

ரிங்கில் பொருளை விட்டுவிட்டுப் போவதும் ஒரு சடங்கு. சீனா ஷூவையும் மணிக்கட்டுப் பட்டைகளையும் பாயில் வைத்துவிட்டு இறங்கினார். இது அமெச்சூர் மல்யுத்தத்திலிருந்து வந்த பழக்கம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸில் ரூலன் கார்ட்னர் வெண்கலம் ஜெயித்ததும் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி நடுவில் வைத்தார். அதற்கு விளக்கம் தேவையில்லை. 2017 ரெசில்மேனியா 33இல் அண்டர்டேக்கர் கையுறை, கோட்டு, தொப்பி மூன்றையும் மடித்து வைத்துவிட்டுப் போனார். அவ்வளவு அழகான விடை, அடுத்த வருஷமே திரும்பி வந்ததில் வீணாகிப்போனது. வைத்த பொருளைத் திரும்ப எடுத்தால் அடுத்தவர் வைக்கும்போது நம்ப ஆளிருக்காது.

* * *

ஓய்வு மேட்ச் எங்கெல்லாம் சொதப்பும் என்று பார்த்தால், முதல் எதிரி கடிகாரம். அந்த அட்லாண்டா மேட்ச் முடிந்து கோல்ட்பெர்க் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒளிபரப்பு முடிந்துவிட்டது. ஓய்வுப் பேச்சுக்கு நேரம் ஒதுக்காமல் மேட்சை ஒளிபரப்பின் கடைசியில் வைத்தால் இதுதான் கதி. ஃப்ளேருக்கு மறுநாள் ரா நிகழ்ச்சியில் தனி விழாவே வைத்தார்கள், அவருடைய பழைய குழுவான ஹார்ஸ்மென் கூட்டாளிகள் ஒவ்வொருவராக வந்து கட்டிப்பிடித்தார்கள். ஒளிபரப்பு முடிந்த பிறகுதான் அண்டர்டேக்கர் வந்து மண்டியிட்டார். வேஷம் கலையக்கூடாது என்பதற்காக அதைக் கேமராவுக்கு வெளியே வைத்துக்கொண்டார்.

இரண்டாவது, எதிராளி. 2019இல் கர்ட் ஆங்கிளின் கடைசி மேட்சுக்கு பாரன் கார்பின். ஜான் சீனா டபிள்யூ.டபிள்யூ.இ. டிவியில் முதன்முதலில் மோதியதே 2002இல் ஆங்கிளோடுதான், சீனாவையே எதிர்பார்த்தவர்கள் நிறைய. கார்பினிடம் திறமைக் குறைவு இல்லை, ஆங்கிளோடு அவருக்கு ஒரு பகைக் கதையும் இருந்தது, ஆனால் கடைசி மேட்சுக்கு அது போதவில்லை. அதுதான் சப்பென்று போனது.

மூன்றாவது, எழுத்தாளர்களின் குரூரம். 2006 செப்டம்பரில் ட்ரிஷ் ஸ்ட்ராட்டஸ் சொந்த ஊர் டொராண்டோவில் லீட்டாவை ஷார்ப்ஷூட்டரில் தட்ட வைத்து சாம்பியனாகவே விடைபெற்றார். இரண்டு மாசம் கழித்து அதே லீட்டாவின் கடைசி இரவில், மேட்ச் முடிந்ததும் அவருடைய உள்ளாடைகளை ரசிகர்களிடம் ஏலம் விடுகிற மாதிரி ஒரு காட்சி. காரணம் என்ன சொன்னாலும் அதை நியாயப்படுத்த முடியாது.

* * *

மேட்ச் இல்லாத விடைகளும் உண்டு. எட்ஜ், 2011 ஏப்ரல் 11, கழுத்தில் தண்டுவடம் போகும் குழாய் சுருங்கிய பிரச்சினை. டேனியல் பிரையன், 2016 பிப்ரவரி 8, சியாட்டில், தலையில் வாங்கிய அடிகள். இருவரும் மைக்கோடு நின்று பேசினார்கள், அவ்வளவுதான். அழ வைத்ததில் இவற்றுக்கு நிகர் குறைவு, ஏனென்றால் எழுதிக் கொடுத்த வசனம் இல்லை. இருவரும் மருத்துவ அனுமதியோடு பிறகு திரும்பினார்கள், பிரையன் 2018இல், எட்ஜ் 2020 ராயல் ரம்பிளில். இதை அண்டர்டேக்கர் திரும்பியதோடு சேர்க்கக்கூடாது, டாக்டர் நிறுத்திய ஆள் திரும்புவது வேறு கணக்கு.

மார்க் ஹென்றியை மறந்துவிடாதீர்கள். 2013 ஜூன் 17, சால்மன் நிறக் கோட்டு, ஓய்வு பெறுவதாகச் சொல்லி, குடும்பத்தைப் பற்றிப் பேசிக் கண்ணீர். சீனா கையைப் பிடித்து உயர்த்தி, கட்டிப்பிடித்தார். அடுத்த நொடி ஹென்றி சீனாவைத் தூக்கி அடித்தார். ஓய்வுச் சடங்கின் ஒவ்வொரு அசைவும் நமக்கு எவ்வளவு மனப்பாடம் என்று தெரிந்து வைத்து ஏமாற்றியது அது ஒன்றுதான்.

* * *

ஜெயித்துவிட்டுப் போனது யாருக்காவது பொருந்தியதா என்றால், ஸ்டிங். 2024 மார்ச் 3, கிரீன்ஸ்பரோ. 1988இல் ஃப்ளேரோடு 45 நிமிஷம் ஆடி டிராவில் முடித்து பெயர் வாங்கிய அதே அரங்கம். 65 வயசை நெருங்கியவர், அதனால் யங் பக்ஸ் ஜோடியோடு டேக் மேட்ச், இருவருக்கு இருவர். உயரத்திலிருந்து கண்ணாடி மேல் விழுகிற வேலையெல்லாம் கூட்டாளி டார்பி ஆலினுக்கு. அவர் முதுகு கிழிந்து ரத்தம் வழிந்தது. பழைய வேஷங்களில் ஸ்டிங்கின் மகன்களே வந்தார்கள். கடைசியில் ஸ்கார்ப்பியன் டெத் லாக் (ஷார்ப்ஷூட்டர் மாதிரியான பிடி), எதிராளி தட்டினார். வயசானவரிடம் அவரால் முடிந்ததை மட்டும் கேட்டு, மீதியை இளைஞனிடம் கொடுத்தார்கள். 2022இல் 73 வயசில் ஃப்ளேர் ஆடிய மேட்சில் இந்தக் கணக்கு தப்பியது, ரிங்கிலேயே மயங்கியதாக அவரே பின்னால் சொன்னார்.

சீனா மேட்சை மறுபடி பார்ப்பவர்கள், சுருக்க வீடியோவை விட்டுவிட்டு முழுசாகப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்லீப்பருக்கும் அவர் தப்பிக்கிற விதத்தை மட்டும் கவனியுங்கள். முன்னால் முழு பலத்தோடு திமிறுகிறவர் பின்னால் எப்படித் திமிறுகிறார் என்று ஒப்பிட்டால் அந்தச் சிரிப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியும்.