ஸ்டாவுடின் நிறுத்தி 13 ஆண்டு ஆகியும் கன்னம் மேலும் ஒட்டுகிறது: காரணம் என்ன?

52 வயது ஆண், எச்.ஐ.வி. உள்ளவர். 2005 முதல் 2011 வரை எச்.ஐ.வி. மருந்துகளான ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின். பிறகு ஸ்டாவுடினுக்குப் பதில் ஜிடோவுடின். 2019 முதல் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர்.

முதல் குழி 2008இல் கன்னத்தில் விழுந்தது. அது ஸ்டாவுடின் வேலை என்பதில் சந்தேகமில்லை: கொழுப்புச் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. நகலாவதை அது தடுக்கிறது, செல் சுருங்கிச் சாகிறது. ஜிடோவுடினும் அதே வகைதான், சேதத்தின் வேகம் குறைவு. அதனால் 2011இல் நடந்தது பாதி மாற்றம்தான்.

2019க்குப் பின் கை கால்களில் கொஞ்சம் சதை பிடித்தது. முகம் மட்டும் தேறவில்லை. கடந்த 10 மாதமாக நெற்றிப்பொட்டும் உள்வாங்கி, அங்கே ரத்தக்குழாய் புடைத்துத் தெரிகிறது. சிரிக்கும்போது கன்னத்தில் இரண்டு நீள மடிப்பு விழுகிறது.

வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலை. எடை 61 கிலோ, மாற்றமில்லை. காசநோய், தைராய்டு, சர்க்கரை மூன்றும் பார்த்தாயிற்று, சரியாக இருக்கின்றன. கடைவாய்ப் பற்கள் முழுதாக உள்ளன, ஆகவே பல் இழப்பால் ஒட்டிய கன்னம் அல்ல. புரதம் கூட்டி 4 மாதம் சாப்பிட்டும் முகத்தில் பலனில்லை. பாலி லாக்டிக் அமில ஊசி போட்டால் குழி நிரம்பும், தெரியும். ஆனால் காரணம் புரியாமல் நிரப்ப மனமில்லை.

எடை குறையாமல் முகம் மட்டும் இப்படி ஒட்டுவது பழைய மருந்தின் சேதத்தோடு வயதும் சேர்ந்ததா, வேறு காரணமா என்று பிரித்தறிய அடுத்து எந்தப் பரிசோதனை செய்ய வேண்டும்?